இடம்பெயர்ந்தோர் பாதுகாப்புக் கண்காணிப்பு: படிவத்தில் எதை வைப்பது, எதை விடுவது?

களநிலை:

வணக்கம். இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருக்கும் 14 இடங்களில் அடுத்த மாதம் பாதுகாப்புக் கண்காணிப்பு, அதாவது மக்கள் என்னென்ன ஆபத்துகளைச் சந்திக்கிறார்கள் என்று தொடர்ந்து கேட்டறியும் வேலை, தொடங்க வேண்டும். பாதி இடங்கள் முகாம்கள். மீதி ஊர்களில் மக்கள் உறவினர் வீடுகளிலும் வாடகை அறைகளிலும் சிதறி இருக்கிறார்கள். தகவல் சேகரிக்க நான்கு பெண்கள், நான்கு ஆண்கள். கையில் இருக்கும் படிவத்தில் 62 கேள்விகள். "கடந்த மாதம் உங்கள் வீட்டில் யாருக்காவது பாலியல் வன்முறை நடந்ததா?" என்பதும் அதில் ஒன்று. நிதி தருபவர்கள் மாதாமாதம் சதவீதக் கணக்கு கேட்கிறார்கள். எதை வெட்டலாம், எவ்வளவு நாளுக்கு ஒருமுறை போகலாம், சேரும் தகவலை எப்படி வைத்திருப்பது?

நெய்தல்:

ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் போடுங்கள். "இதற்கு 'ஆம்' என்று பதில் வந்தால் யார், எத்தனை நாளுக்குள், என்ன செய்வார்?" என்பதை அதில் எழுதுங்கள். கட்டம் காலியாக நிற்கிற கேள்வியை எடுத்துவிடுங்கள். இப்படிச் சலித்தால் 62-இல் 20, 25 மிஞ்சினாலே அதிகம். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்டால் அடுத்த முறை அதே ஆள் வாய் திறக்க மாட்டார்.

சதவீதத்துக்கு வருகிறேன். ஊரில் விவரம் தெரிந்தவர்களைத் தேர்ந்து பேசுவதும், குழுவாக உட்கார்ந்து பேசுவதும் சதவீதம் தராது. பேசிய 30 பேரில் 10 பேர் சொன்னதை "33 சதவீதக் குடும்பங்கள்" என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. சதவீதம் வேண்டுமென்றால் வீட்டுப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும். 95 சதவீத நம்பக அளவு, கூட்டல் கழித்தல் 10 சதவீதப் பிழை (நூறு முறை எடுத்தால் சுமார் 95 முறை விடை உண்மையிலிருந்து 10 புள்ளிக்குள் நிற்கும்) என்றால் ஒரு தொகுதிக்குச் சுமார் 96 வீடுகள் ஆகும். ஆள் இல்லாத வீடுகளையும் மறுப்பவர்களையும் கணக்கில் கொண்டு 110 வைத்துக்கொள்ளுங்கள். முகாம்கள் ஒரு தொகுதி, உறவினர் வீடுகளும் வாடகை அறைகளும் இன்னொரு தொகுதி, ஆக 220. ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு வீடு என்றால் எட்டுப் பேருக்கு ஐந்து நாள் வேலை. 14 இடங்களில் நாலைந்தை மட்டும் பொறுக்கி அங்கேயே எடுப்பதாக இருந்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். இதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். மாதாந்தர அறிக்கையில் எது கூடியது, எது குறைந்தது, ஏன் என்பதைத்தான் தர முடியும். இதைத் தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

நேரில் பார்ப்பது வாரம் ஒருமுறை. விவரம் தெரிந்தவர்களுடன் பேச்சு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஓர் இடத்துக்குக் குறைந்தது மூன்று பேர். முகாம் தலைவரும் அவருடைய துணைவரும் அவர் மைத்துனரும் என்று மூவரை எடுத்தால் அது ஒரே குரல்தான். மருத்துவத் தாதி, ஆசிரியர், சிறுபான்மைப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் என்று பிரித்து எடுங்கள். குழுப் பேச்சு மாதம் ஒருமுறை, 6 முதல் 10 பேர். பெண்கள், ஆண்கள், வளரிளம் பெண்கள், வளரிளம் ஆண்கள் தனித்தனியாக. "கடந்த 30 நாட்களில்" என்று ஒரு மாதம் கேட்டுவிட்டு அடுத்த மாதம் "அண்மையில்" என்று மாற்றினால் ஒப்பிடவே முடியாமல் போகும்.

நேரில் பார்க்கும்போது, நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் ஸ்ஃபியர் கையேட்டின் அளவுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், 250 பேருக்கு ஒரு குழாய், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, அது தங்குமிடத்திலிருந்து 50 மீட்டருக்குள், ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் கூரையுள்ள இடம். ஆனால் எண்ணிவிட்டு வந்தால் மட்டும் போதாது. கழிப்பறைக் கதவை உள்ளே நின்று சாத்திப் பாருங்கள். தாழ்ப்பாள் வெளியே மட்டும் இருக்கும். அல்லது உள்ளே இருக்கும், மரச்சட்டம் வளைந்து கொக்கி எட்டாது. அப்படிப்பட்ட இடத்தில் பெண்கள் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள், இருட்டுவதற்குள் இரண்டிரண்டு பேராகப் போய் வருவார்கள். 20 பேருக்கு ஒன்று என்ற கணக்கு அறிக்கையில் சரியாக இருக்கும், கழிப்பறை இரவெல்லாம் பூட்டியதுபோலத்தான் கிடக்கும்.

களக்குழுக்கள் பெரும்பாலும் காலை பத்துக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்பிவிடுகின்றன. ஆபத்தான நேரத்தை அவர்கள் பார்ப்பதே இல்லை. அதனால் குழுப் பேச்சில் இடத்தின் வரைபடத்தைத் தரையில் போட்டு, விடியல், நண்பகல், அந்தி, நள்ளிரவு என்று நான்கு முறை கேளுங்கள்: இப்போது எங்கே போக மாட்டீர்கள்?

தென்றல்:

அந்த வன்முறைக் கேள்வியை இன்றே நீக்குங்கள். வீட்டுக்குள் பலர் கேட்க அதற்குப் பதில் சொல்ல வைப்பதே ஆபத்து. செய்தவர் அதே கூரையின் கீழ் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட நெறிமுறைப் பரிந்துரைகளின்படி, தப்பிப் பிழைத்தவருக்கான அடிப்படைச் சிகிச்சையும் ஆதரவும் அங்கே கிடைக்கும்படி ஆன பிறகே பாலியல் வன்முறை குறித்த தகவல் சேகரிப்பு தொடங்க வேண்டும். ஐ.நா. மற்றும் தன்னார்வ அமைப்புகளின் கூட்டுக் குழு 2015-இல் தந்த வழிகாட்டலும், எண்ணிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வன்முறை நடக்கிறது என்று கொண்டே வேலையைத் தொடங்கச் சொல்கிறது. எண்ணிக்கை வைத்து நீங்கள் நிரூபிக்க வேண்டியது எதுவும் இல்லை.

அதற்குப் பதில் இவற்றைக் கேளுங்கள். பெண்களும் சிறுமிகளும் எந்த இடத்தைத் தவிர்க்கிறார்கள்? உதவி தேவைப்பட்டால் யாரிடம் போவார்கள்? போகவிடாமல் தடுப்பது எது? புகார் எண்ணிக்கை கூடினால் வன்முறை கூடியது என்று உடனே எழுதிவிடாதீர்கள். நம்பகமான மருத்துவமனை ஒன்று திறந்திருக்கலாம். குறைந்தால், இருந்த ஒரே பெண் மருத்துவர் மாற்றலாகிப் போயிருக்கலாம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் யாராவது தானாகச் சொல்வார். அதற்காக எட்டுப் பேரின் பையிலும் மடித்த ஒரு தாள் இருக்க வேண்டும். எந்த மருத்துவமனை, எத்தனை மணி வரை, தொலைபேசி எண், பெண் மருத்துவர் உண்டா, காவல்துறைப் புகார் இல்லாமல் சிகிச்சை தருவார்களா என்பவை அதில் வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை 120 மணி நேரம் வரை பயன்படும். அதனால் "அறிக்கையில் சேர்க்கிறோம்" என்று எழுதிக்கொண்டு வருவது உதவி ஆகாது. தாளில் உள்ள எண்களை மாதம் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். பாதி எண்கள் செத்துக் கிடக்கும் தாள் எத்தனையோ களங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. போவதா வேண்டாமா என்பதைப் பாதிக்கப்பட்டவர்தான் முடிவு செய்வார்.

குழந்தைகள் விஷயத்தில் இரண்டைப் பிரித்துப் பாருங்கள். பெற்றோரை விட்டுப் பிரிந்து வேறு உறவினரோடு இருக்கும் பிள்ளை வேறு. பொறுப்பான பெரியவர் யாருமே இல்லாத பிள்ளை வேறு. இரண்டாவது வகையை அன்றே குழந்தைப் பாதுகாப்புப் பணியாளரிடம் சொல்ல வேண்டும். உங்கள் ஆட்கள் அந்தப் பிள்ளையிடம் கதை கேட்க வேண்டாம்.

"வீட்டில் மாற்றுத்திறனாளி உண்டா?" என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். மாற்றுத்திறன் கணக்கெடுப்புக்கான சர்வதேசப் புள்ளியியல் குழுவான வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளைப் போடுங்கள்: பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, மற்றவருக்குப் புரியும்படி பேசுவது. ஏதாவது ஒன்றில் "பெரும் சிரமம்" அல்லது "முடியவே முடியாது" என்றால் கணக்கில் எடுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் மனநலச் சிக்கல்களுக்கும் இந்த ஆறு போதாது.

சுவடி:

தரவு பற்றி. பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண் கண்காணிப்புப் படிவத்தில் வரவே கூடாது. உதவிக்கு அனுப்ப வேண்டியவரின் விவரம் வேறு கோப்பு, வேறு ஆள், வேறு கடவுச்சொல். கோபோ டூல்பாக்ஸ் போல கைபேசியில் படிவம் நிரப்பும் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தினால், இருக்கும் இடத்தைப் பதியும் ஜி.பி.எஸ். கேள்வியையும் கைபேசியின் அடையாள எண் சேமிப்பையும் அணைத்துவிடுங்கள். படம் எடுத்தால் கோப்புக்குள் இடமும் நேரமும் ஒட்டிக்கொண்டு வரும். குறியாக்கம் செய்த (மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டிய) படிவம் நல்லதுதான், ஆனால் அதைத் திறக்கும் தனிச்சாவிக் கோப்பு தொலைந்தால் தரவும் தொலைந்தது. அதற்கு இரண்டு பிரதி வேண்டும்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது "வேறு குறிப்புகள்" என்ற திறந்த கட்டம். "மூன்றாவது வரிசைக் கூடாரத்து விதவை" என்று அங்கே எழுதினால் பெயர் எதற்கு? ஒவ்வொரு நாள் முடிவிலும் ஒருவர் அந்தக் கட்டத்தை மட்டும் படித்துத் துடைக்க வேண்டும். பகிரும் அட்டவணையில் 5-க்குக் குறைவான எண்ணிக்கை வரும் கட்டத்தை மறைத்துவிடுங்கள், அல்லது பல இடங்களைச் சேர்த்துக் காட்டுங்கள். சிறிய முகாம், ஒரு சமூகப் பிரிவு, ஒரு மாதம், ஒரு சம்பவம் என்று நாலும் சேர்ந்தால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம். மூலப் பட்டியலை யாராவது அதிகாரத்தோடு கேட்பார்கள். அவர்கள் கேட்டு வருவதற்கு முன்பே, எந்தத் தகவல் யாருக்கு எந்த வடிவில் போகும், எந்தத் தேதியில் அழிக்கப்படும் என்று ஒப்பந்தமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சம்மதம் கேட்கும்போது மூன்று வாக்கியம் கட்டாயம்: இந்தப் பேச்சுக்கும் நிவாரணப் பட்டியலுக்கும் தொடர்பில்லை, எந்தக் கேள்வியையும் விடலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். நிவாரணம் வழங்கும் நாளில் போகவே போகாதீர்கள். எத்தனை முறை சொன்னாலும் அன்றைக்கு யாரும் நம்ப மாட்டார்கள்.

களநிலை:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். ஊர் திரும்புவது பற்றிக் கேட்கச் சொல்கிறார்கள், எப்படிக் கேட்பது? இன்னொன்று, சில முகாம்களில் தலைவர் "நானும் கூட உட்காருவேன்" என்கிறார். அவரை மீறி உள்ளே போக முடியாது.

நெய்தல்:

"திரும்பிப் போக விருப்பமா?" என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள், அதை வைத்துப் பேருந்து ஏற்பாடு செய்ய ஒருவர் காத்திருப்பார். உள்நாட்டு இடப்பெயர்வு குறித்த ஐ.நா.வின் 1998-ஆம் ஆண்டு வழிகாட்டிக் கொள்கைகளில் 28-ஆவது, திரும்புவது தன்விருப்பமாகவும் பாதுகாப்பாகவும் கண்ணியத்தோடும் நடக்கச் சொல்கிறது. ஆகவே "அடுத்த மூன்று மாதத்தில் என்ன செய்ய எண்ணியிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பிறகு ஊர் நிலவரம் யார் மூலம் தெரிந்தது, வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள், நிலப் பத்திரம் கையில் உண்டா, இங்கிருந்து காலி செய்யச் சொல்லி யாராவது வந்தார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை மாத அறிக்கைக்காக நிறுத்தி வைக்காமல் அன்றே மேலே சொல்லுங்கள்.

தலைவரை முதல் ஆளாகப் பேசுங்கள், நீளமாகப் பேசுங்கள். உங்கள் ஆள் ஒருவர் அவரோடு தண்ணீர்க் குழாய், கழிப்பறை எல்லாம் நடந்து பார்க்கட்டும். பெண்கள் குழுவுக்கு ஆண்கள் வராதது வழக்கம் என்று ஆரம்பத்திலேயே விளக்கினால் பலர் ஒப்புக்கொள்வார்கள். அப்படியும் வந்து உட்கார்ந்தால் பேச்சைத் தண்ணீர், பள்ளிக்கூடம், மருந்து என்று மாற்றிவிடுங்கள். அச்சம் பற்றிய கேள்விகளை அன்று தொடவே வேண்டாம். படிவத்தில் "வேறு யாராவது உடனிருந்தார்களா?" என்று ஒரு கட்டம் வைத்து, ஆம் என்ற பதிவுகளைப் பகுப்பாய்வில் தனியே பிரியுங்கள். ஓர் இடத்தில் மூன்று முறை தொடர்ந்து ஆம் என்று வந்தால், அங்கே மக்கள் தனியாகப் பேச விடப்படவில்லை என்பதையே அந்த மாதத்தின் முதல் கண்டறிதலாக எழுதுங்கள். பொது அறிக்கையில் இடப்பெயர் வேண்டாம். முகாம் நிர்வாகத்தோடு பேசும் ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள்.