அவசரம்: ஒட்டிய லேபிள் எல்லாம் போகிறது, என்ன செய்வது?

புதுஅலமாரி
வணக்கம். எங்கள் நூலகத்துக்குப் புதிதாக வந்த புத்தகங்களுக்கு மூன்று வாரமாக லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். ஏறக்குறைய 1,100 முடிந்துவிட்டது. இன்றைக்குப் பார்த்தால் முதல் வாரம் ஒட்டியதெல்லாம் போகிறது. திங்கட்கிழமை வாசகர்களுக்குத் திறந்தாக வேண்டும். நல்ல லேபிள்தான் வாங்கினோம், மேலே டேப்பும் போட்டிருக்கிறோம். அப்படியும் ஏன் இப்படி? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பசைக்கிண்ணம்
அட்டை லேமினேஷன் செய்ததா? அப்படியானால் வேறு காரணமே தேட வேண்டாம். அந்தப் படலத்தில் எந்தப் பசையும் லேசில் பிடிக்காது. ஒட்டும் முன் உலர்ந்த துணியால் முதுகைத் துடைக்க வேண்டும், ஒட்டிய பின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நன்றாக அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒல்லியான புத்தகம் என்றால் லேபிள் முதுகைத் தாண்டி மடிப்பில் போய் உட்காரும். திறந்து மூடும்போதெல்லாம் அந்த மடிப்பு லேபிளைக் கிளப்பிவிடும். அதற்கெல்லாம் முன்னட்டையின் கீழ் மூலையில் ஒட்டுங்கள். ஏற்கனவே கிளம்பியவற்றுக்கு மேலே ஒரு தாளை வைத்து இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டால் போதும், பிடித்துக்கொள்ளும்.

கோடுவாசிப்பான்
இஸ்திரி எடுக்கும் முன் ஒரு நிமிடம். "போகிறது" என்றால் என்ன? உரிந்து விழுகிறதா, எழுத்து மங்குகிறதா, மை கலைகிறதா? என்ன பிரிண்டர்? தாளாக வரும் லேபிளா, உருளையா? என்ன டேப்? ஒரு படம் போடுங்கள்.

நூலகர்_ஓய்வு
தம்பி, லேபிள் என்பது கடைசி வேலை. பட்டியலோடு சரிபார்ப்பது, பக்கம் விட்டுப்போயிருக்கிறதா என்று புரட்டுவது, ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண் கொடுத்து அக்சஷன் ரிஜிஸ்டரில் ஏற்றுவது, முத்திரை, எந்தத் துறை என்று காட்டும் பகுப்பு எண், அட்டவணை, அப்புறம்தான் முதுகு. இந்த வரிசையைப் படித்தவர் யாராவது அங்கே இருக்கிறார்களா? நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தியன் மையில் பேனாவால் எழுதி மேலே வார்னிஷ் பூசினோம். அந்தப் புத்தகங்கள் கிழிந்துவிட்டன, எண்கள் இன்னும் கிழியவில்லை. இப்போது எல்லாருக்கும் மிஷின் வேண்டும்.

அட்டைப்புழு
அறையில் ஈரப்பதம் எவ்வளவு? ஜன்னல் ஓரமா? மாவுப் பசையாக இருந்தால் வெள்ளிப்பூச்சியும் ஒரு காரணம். ஓரத்தில் அரித்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் இடத்தில் முதலில் பசை போயிற்று, அப்புறம் லேபிள், அப்புறம் முதுகுத் துணி.

பசைக்கிண்ணம்
ஒட்டுலேபிளில் மாவுப் பசை எங்கே வரும்? லேமினேஷன்தான். நான் சொன்னதை முதலில் செய்து பாருங்கள்.

புதுஅலமாரி
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். ஒன்றும் விழவில்லை, லேபிள் கெட்டியாகத்தான் ஒட்டியிருக்கிறது. எழுத்துதான் போகிறது. முதலில் சாம்பல் நிறம், அப்புறம் வெறும் வெள்ளை. உள்ளே ஒட்டிய பார்கோடும் அப்படித்தான், ஸ்கேனர் பாதியைப் படிக்கவில்லை. பிரிண்டர் சின்னது, உருளை போடுவது. மையே வாங்கத் தேவையில்லை என்று சொன்னதால் எடுத்தோம். டேப் சாதாரணக் கண்ணாடி டேப். மாதிரி இது, மேலிருந்து பகுப்பு எண், ஆசிரியர், அக்சஷன் எண்:
894.8113
கோவ
4127
ஐயா, நான் தம்பி இல்லை, தங்கை.

கோடுவாசிப்பான்
மை தேவையில்லை என்ற அந்த ஒரு வரியிலேயே விடை இருக்கிறது. உங்களுடையது டைரக்ட் தெர்மல். அதில் மை என்று எதுவும் கிடையாது. தாளின் மேற்பூச்சில் நிறமில்லாத சாயமும் அதைக் கறுக்க வைக்கும் ஒரு பொருளும் இருக்கும். சூடு பட்ட இடத்தில் இரண்டும் சேர்ந்து கறுக்கும். பண ரசீது சட்டைப்பையில் கிடந்து வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்களே, அதே தாள்.

இதன் மேல் கண்ணாடி டேப் போட்டதுதான் வினை. டேப்பின் பசையிலோ, பிவிசி டேப் என்றால் அதை வளையவைக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசரிலோ இருக்கும் பொருள் மெல்ல இறங்கி அந்தச் சேர்க்கையைப் பிரித்துவிடும். எழுத்து அழியாமல் இருக்கப் போட்ட டேப்பே எழுத்தை அழிக்கிறது. வெயில் படும் ஜன்னல் ஓரம் என்றால் இன்னும் சீக்கிரம்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒட்டாத லேபிள் ஒன்றை நகத்தால் வேகமாகக் கீறுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் டைரக்ட் தெர்மல்தான். அப்புறம் டேப் மூடாத ஓரம் எங்காவது இருந்தால் அங்கே எழுத்து எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

இஸ்திரியை மட்டும் தொடாதீர்கள். லேபிள் முழுக்கக் கறுத்துவிடும்.

பசைக்கிண்ணம்
நான் இஸ்திரி சொன்னது உரிகிற லேபிளுக்கு. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் டேப்பைக் குற்றம் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்து வருடமாக எல்லா லேபிளுக்கும் டேப் போடுகிறேன், ஒரு எழுத்து போனதில்லை.

கோடுவாசிப்பான்
நீங்கள் அச்சடிப்பது லேசரிலா?

பசைக்கிண்ணம்
ஆமாம்.

கோடுவாசிப்பான்
லேசரின் டோனர் தூள் வேறு, இது வேறு. உங்கள் டேப் மஞ்சளாகிப் பசை கசிந்து பக்கத்துப் புத்தகத்தோடு ஒட்டிக்கொள்ளும்போது இன்னொரு இழை தொடங்குங்கள், வருகிறேன்.

ஓரப்பக்கம்
நடுவில் ஒரு சந்தேகம். மாதிரியில் "கோவ" என்று இருக்கிறதே, அது யார்? கோவிந்தனா, கோவலனா, கோவர்த்தனனா?

புதுஅலமாரி
ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்து. எக்செல்லே வெட்டிக் கொடுத்தது.

ஓரப்பக்கம்
அது மூன்று எழுத்து இல்லையே, இரண்டுதான். எக்செல் நம்மைப் போல எழுத்தை எண்ணாது, யூனிகோடு குறிகளை எண்ணும். க ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, வ ஒன்று, கணக்கு முடிந்தது. "வி"யின் கொக்கி வெளியே விழுந்துவிட்டது. இப்போது கோவிந்தன், கோவலன், கோவர்த்தனன் மூவருக்கும் ஒரே குறி. இன்னொன்றும் இருக்கிறது. யாராவது "கோ"வைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகத் தட்டியிருந்தால் அந்த ஒரு எழுத்தே மூன்று குறி ஆகிவிடும், லேபிளில் வெறும் "கோ" மட்டும் வரும். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. "கௌதமன்" என்பதைக் கொம்பு, க, ள என்று "கெளதமன்" ஆக்கியிருந்தால் அதுவும் வேறு இடத்துக்குப் போகும். எப்படியும் மறுபடி அச்சடிக்கத்தானே போகிறீர்கள், இதையும் சரிசெய்துவிடுங்கள்.

நூலகர்_ஓய்வு
இதற்குத்தான் அந்தக் காலத்திலேயே ஆங்கில எழுத்தில் போட்டோம். மூன்று பெரிய எழுத்து. கொம்பும் கிடையாது, காலும் கிடையாது.

ஓரப்பக்கம்
ஆங்கிலத்தில் கோவிந்தனுக்கு முதல் எழுத்து "ஜி"யா, "கே"யா? அவர் ஒரு புத்தகத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் எழுதியிருப்பார். தமிழ் நாவலைத் தேடி வருகிறவர் ஆங்கில ஒலிபெயர்ப்பை ஊகித்தா எடுக்க வேண்டும்? வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று, நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் ஐந்து விதிகளில் நான்காம் விதியே இருக்கிறதே.

நூலகர்_ஓய்வு
ரங்கநாதனை எனக்கே சொல்கிறீர்களா! ஐந்து விதிகள் வந்தது 1931-இல். 1933-இல் வந்த கோலன் பகுப்பு முறையில் அவர் இலக்கிய ஆசிரியரைப் பெயரால் அடுக்கவே இல்லை, பிறந்த ஆண்டால் அடுக்கினார். ஷேக்ஸ்பியருக்கு "ஜே64". "ஜே" என்றால் 1500 முதல் 1599 வரை, 64 பிறந்த வருடம். எழுத்துச் சண்டையே எழாது. படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஓரப்பக்கம்
படித்தேன் ஐயா. முதல் நாவல் எழுதியவரின் பிறந்த வருடத்தைப் பாதிப் பேர் அட்டையில் போடுவதில்லை. போன் செய்து கேட்பீர்களா?

அட்டைப்புழு
தமிழ் எழுத்துதான் என்றால் "ஜ" எங்கே வரும்? எங்கள் அடுக்கில் க முதல் ன வரை முடித்துவிட்டுக் கடைசியில் ஜ, ஷ, ஸ, ஹ. ஆனால் யூனிகோடு குறியெண் வரிசையில் ஜ நேராக ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே போய் நிற்கிறது, ன வந்து ந-வின் பக்கத்தில். அந்த வரிசையிலேயே அடுக்கித் தரும் மென்பொருள் ஒன்று எங்களிடம் இருந்தது. பட்டியல் ஒரு வரிசை, அலமாரி ஒரு வரிசை. சரிபார்ப்பு நாளில் எங்களுக்குள்ளேயே சண்டை.

நூலகர்_ஓய்வு
நான் சொன்னேனே.

ஓரப்பக்கம்
நீங்கள் சொன்னது வேறு. வரிசை என்பது அமைப்பில் மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயம். அதற்காக மொழியையே மாற்றுவது...

கோடுவாசிப்பான்
இதற்குத் தனி இழை போடுங்கள், தயவுசெய்து. அங்கே ஒருவருக்குத் திங்கட்கிழமை வருகிறது. @புதுஅலமாரி, முக்கியமான கேள்வி: அக்சஷன் எண்ணைப் புத்தகத்துக்குள் கையால் எங்காவது எழுதியிருக்கிறீர்களா? தலைப்புப் பக்கத்தின் பின்புறமோ, நூலகம் தனக்கென்று குறித்துவைத்து எண் எழுதும் ரகசியப் பக்கமோ?

புதுஅலமாரி
இல்லை. பார்கோடு இருக்கிறதே என்று விட்டுவிட்டோம். முத்திரை மட்டும் இருக்கிறது, எண் இல்லை.

பசைக்கிண்ணம்
ஐயையோ.

கோடுவாசிப்பான்
பதறாதீர்கள். ஆனால் லேபிளை அப்புறம் பார்க்கலாம், முதலில் எண்ணைக் காப்பாற்றுங்கள். நாளுக்கு நாள் இன்னும் வெளுக்கும். இன்றைக்கே பென்சிலோடு உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரிகிற எண்ணையெல்லாம் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் எழுதுங்கள். ஸ்கேனர் படிக்காவிட்டாலும் கோட்டுக்குக் கீழே இலக்கம் தெரியலாம். மங்கலாக இருந்தால் போனில் படம் எடுத்து கான்ட்ராஸ்டை ஏற்றிப் பாருங்கள், வெறும் கண்ணுக்குத் தெரியாதது கொஞ்சம் தெரியும். மொத்தமாக வெளுத்ததைத் தலைப்பு வைத்து மென்பொருளில் தேடி எடுக்க வேண்டியதுதான்.

அட்டைப்புழு
ஒரே தலைப்பில் மூன்று பிரதி இருந்தால் எது 4127, எது 4128 என்று எப்படித் தெரியும்?

நூலகர்_ஓய்வு
இதை நான் சொல்கிறேன். புத்தகம் இன்னும் யாருக்கும் இரவல் போகவில்லை அல்லவா? அப்படியானால் ஒரே பதிப்பு, ஒரே விலை, ஒரே பட்டியலில் வந்த பிரதிகளுக்குள் எந்த எண்ணை எதற்குப் போட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது. மூன்றும் மூன்று எண்ணோடு இருந்தால் சரி. ஆனால் பதிப்பு ஆண்டையும் விலையையும் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டுவிட்டுப் போடுங்கள். ஒரே தலைப்பு, பழைய பதிப்பு ஒன்று, புதிய பதிப்பு ஒன்று என்று கலந்து வந்திருக்கும். அங்கே மாற்றிப் போட்டால் இருப்புச் சரிபார்ப்பில் மாட்டுவீர்கள். இரவல் கொடுத்த பின் இது நடந்திருந்தால் கதையே வேறு. தங்கை தப்பித்தீர்கள்.

கோடுவாசிப்பான்
ஐயா சொன்னது சரி. அதுவும் முதல் தடவையாக.

புது லேபிளுக்கு: ரிப்பனில் இருக்கும் மையைச் சூட்டால் தாளுக்கு இறக்கும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் பிரிண்டர் கிடைத்தால் ரெசின் ரிப்பனில் அடியுங்கள், உரசினாலும் சீக்கிரம் போகாது. கிடைக்காவிட்டால் லேசரில் தாள் லேபிள் போதும். இங்க்ஜெட் வேண்டாம், ஈரக் கை பட்டால் பல மைகள் கலையும். லேமினேஷன் அட்டையில் பழைய லேபிளை ஹேர் டிரையரால் சூடேற்றி உரித்துவிடலாம். படலம் இல்லாத காகித அட்டை உரியும்போது கிழியும், அங்கே பழையதன் மேலேயே கொஞ்சம் பெரிய லேபிளாக ஒட்டிவிடுங்கள். கீழே இருக்கும் டேப் இந்தப் புது எழுத்தை ஒன்றும் செய்யாது. மேலே உறை அவசியம் என்றால் பாலிப்ரோப்பிலீனோ பாலியெஸ்டரோ. முதலில் ஐந்தே ஐந்து புத்தகத்தில் ஒட்டி ஒரு வாரம் வைத்துப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். திங்கட்கிழமைக்கு அது முடியாது.

பசைக்கிண்ணம்
ஒட்டும் முன் துடைப்பதை மறக்காதீர்கள். உரித்த இடத்தில் பழைய பசை இருக்கும்.

கோடுவாசிப்பான்
அது உண்மை.

ஓரப்பக்கம்
ஆசிரியர் குறியை இந்தத் தடவை கையாலேயே தட்டிவிடுங்கள். எக்செல்லை நம்ப வேண்டாம்.

நூலகர்_ஓய்வு
ஆங்கிலத்தில் தட்டினால் பாதி நேரம்தான் ஆகும்.

ஓரப்பக்கம்
"ஜி"யா, "கே"யா?

புதுஅலமாரி
நகத்தால் கீறினேன், கறுப்புக் கோடு. டேப் ஏறாத ஓரத்தில் எழுத்து பளிச்சென்று இருக்கிறது. நேற்றிரவு நான்கு பேர் உட்கார்ந்து 740 புத்தகத்துக்கு எண் எழுதிவிட்டோம். மீதியைத் தலைப்பு வைத்துத் தேடுகிறோம். ரெசின் ரிப்பனோடு பிரிண்டர் ஒன்று இரவலாகக் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை நாவல் அலமாரியை மட்டும் திறக்கிறோம். எல்லாருக்கும் நன்றி.

அட்டைப்புழு
நல்லது. ஜ-வை எங்கே வைக்கப்போகிறீர்கள்?

அட்டைப்புழு
@புதுஅலமாரி?

நூலகர்_ஓய்வு
அவர்கள் வேலையில் இருப்பார்கள். அது கிடக்கட்டும், நீங்கள் ஸ-வையும் ஷ-வையும் எந்த வரிசையில் வைக்கிறீர்கள்?