நைட் டூட்டியில் வரும் மறதி, மறதிநோயின் தொடக்கமா?

கேள்வி – மதுரை செவிலியர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. தீவிர சிகிச்சைப் பிரிவில் 19 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். மாதத்தில் பத்து நாள்களாவது நைட் டூட்டி இருக்கும். கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என் அம்மாவுக்கு 71 வயதில் அல்சைமர் என்ற மறதிநோய் என்று உறுதி செய்தார்கள். அடுத்த இரண்டே ஆண்டுகளில் என் பெயரையும் மறந்துவிட்டார். படித்தவர்களை இந்நோய் அண்டாது என்று எங்கோ வாசித்திருந்ததால், இது எனக்கு விளங்கவே இல்லை. இப்போது எனக்கும் மறதி. மருந்து அலமாரியைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று நிற்கிறேன். அம்மா போன வழியில்தான் நானும் போகிறேனா?

பதில் 1 – ஓய்வுபெற்ற மனநல மருத்துவர்

வணக்கம், சிஸ்டர். முதலில் உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அச்சம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

1986இல் அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் கன்னியாஸ்திரிகளிடையே ஓர் ஆய்வைத் தொடங்கினார். அதில் சேர்ந்த 678 பேரும் இறந்த பின் தங்கள் மூளையை ஆய்வுக்குத் தர ஒப்புக்கொண்டவர்கள். அவர்களுள் சிலருடைய மூளையில் அல்சைமருக்குரிய படிவுகள் நிறைந்திருந்தும், இறக்கும் வரை அவர்களிடம் நோயின் அடையாளம் எதுவும் தென்படவில்லை. இத்தகைய முரணை விளக்குவதற்குத்தான் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யாகோவ் ஸ்டெர்ன் போன்றோர் 'அறிவாற்றல் சேமிப்பு' என்ற கருத்தை வளர்த்தெடுத்தார்கள். கல்வியும் மூளைக்கு வேலை தரும் தொழிலும், சேதமடைந்த பாதையை விட்டு மாற்றுப் பாதையில் செல்லும் திறனை மூளைக்குத் தருகின்றன என்பது அதன் சாரம்.

ஆனால் இந்தச் சேமிப்பு நோயைத் தடுப்பதில்லை. அது வெளியே தெரிவதைத்தான் தள்ளிப்போடுகிறது. அதனால் நன்கு படித்தவர்களிடம் அறிகுறி தெரியும் நேரத்தில் உள்ளே சேதம் வெகுதூரம் போயிருக்கும். அதன் பிறகு சரிவு வேகமாகவே இருக்கும். உங்கள் அம்மாவின் இரண்டு ஆண்டுகளை அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் அந்தக் கணிதம் அவரைத் தாங்கியது என்பது நம் கண்ணில் படவில்லை.

உங்கள் மறதி வேறு வகையாகத் தோன்றுகிறது. தூக்கமும் ஓய்வும் குறையும்போது கவனம் சிதறுகிறது. கவனத்தில் பதியாத ஒன்றை மூளை பின்னால் எடுத்துத் தர முடியாது. அலமாரியை மூடிவிட்டுத் திரும்பியதும் 'ஆமாம், இதற்குத்தான்' என்று நினைவு வருகிறதா? வந்தால் அது ஆறுதலான அடையாளம். மேலும், மறதிநோயில் குறையை வீட்டார்தான் பெரும்பாலும் முதலில் கவனிப்பார்கள். நோயாளிகள் பெரும்பாலும் உங்களைப் போல் தாமே கவலைப்பட்டு விவரமாக எழுத மாட்டார்கள். ஆயினும் வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனைகளையும் மனச்சோர்வு உண்டா என்ற மதிப்பீட்டையும் தவிர்க்காதீர்கள். நேரில் பார்க்காமல் நான் இதற்கு மேல் சொல்வது முறையல்ல.

பதில் 2 – பொதுச் சுகாதார மாணவர்

ஒரு சேர்க்கை. லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதிநோயைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ இயலும் என்கிறது. செவித்திறன் இழப்பு, கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, சர்க்கரை நோய் எல்லாம் அதில் உண்டு, தூக்கம் இல்லை. ஆனால் அதை வைத்துத் தூக்கத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. லண்டன் அரசு ஊழியர்கள் ஏறக்குறைய 8,000 பேரைப் பின்தொடர்ந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட மறதிநோய் வரும் ஆபத்து சுமார் 30 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இது தொடர்பு மட்டுமே, காரணம் என்று நிறுவப்படவில்லை.

பதில் 3 – ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்

டாக்டர் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் பேச்சு முழுவதும் சிஸ்டரின் மூளையைப் பற்றியே இருக்கிறது, டூட்டி பட்டியலைப் பற்றி யாரும் கேட்கவில்லையே! நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில் நெருக்கடியைத் தாங்கி மீள்வதற்கான 'மீள்திறன் பயிற்சி' என்று ஒரு வகுப்பு நடத்தினார்கள். நைட் டூட்டி முடித்தவர்களைக் காலை ஒன்பது மணிக்கு உட்காரவைத்து, நன்றாகத் தூங்குவது எப்படி என்று பாடம் எடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வை நோயாக வகைப்படுத்தவில்லை. சரிவரக் கையாளப்படாத பணியிட நெருக்கடியின் விளைவு என்றே 2019இல் வரையறுத்தது. ஆகவே, தொடர்ந்து எத்தனை இரவுகள், ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள், இடையில் முழு ஓய்வு நாள் உண்டா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள், சிஸ்டர். கேட்டால் கெட்ட பெயர் வரும். எனக்கும் வந்தது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அலமாரியை மூடியதும் பெரும்பாலும் நினைவு வந்துவிடுகிறது, டாக்டர். இரத்தப் பரிசோதனைக்கு நாளை போகிறேன். விடுப்பு விண்ணப்பத்தோடு டூட்டி பட்டியல் பற்றிய கடிதத்தையும் எழுதிவைத்திருக்கிறேன். இன்னொரு சந்தேகம்: என் பெயர் தெரியாத அம்மா, பதினாறாம் வாய்ப்பாட்டைப் பிழையின்றி ஒப்பிக்கிறார். அது எப்படி என்று நேரம் கிடைக்கும்போது எழுத முடியுமா?