செம்பூர் வீட்டுக்கு எல்.இ.டி. விளக்கு: 3000, 4000, 6500 கெல்வின்... எந்த அறைக்கு எது?

செம்பூர்வாசி:

வணக்கம். மும்பை செம்பூரில் பழைய பில்டிங் ஒன்றில் மூன்றாவது மாடி, இரண்டு பெட்ரூம் வீடு. பெயிண்ட் வேலை முடிந்துவிட்டது, சுவரெல்லாம் இளம் க்ரீம். ஃபால்ஸ் சீலிங் கிடையாது. இந்த வாரம் லைட் வாங்கியாக வேண்டும், வீட்டில் ஆளுக்கொரு கட்சி.

அப்பாவுக்கு 74 வயது. கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டார். போன வருடம் இரண்டு கண்ணிலும் கேடராக்ட் ஆபரேஷன் ஆனது. காலையில் பேப்பரை வரி விடாமல் படிப்பார். ஹாலில் இப்போதைக்கு ஒரு 6500 கெல்வின் பேனல் மாட்டியிருக்கிறோம் (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிற எண், குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை). கண்ணைக் குத்துகிறது என்கிறார். சரி என்று மஞ்சள் பல்ப் போட்டால் அழுது வடிகிறது என்கிறார்.

மனைவிக்கு ஹாலும் பெட்ரூமும் மஞ்சளாகத்தான் வேண்டும். பகல் முழுக்க ஆபீஸில் வெள்ளை வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறவள், வீட்டிலும் அதுவேவா என்கிறாள். மகள் பத்தாவது, ராத்திரி பதினொன்று வரை படிக்கிறாள்.

ஹால் 10க்கு 15 அடி. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த பில்டிங், அதனால் பகலிலேயே லைட் போட வேண்டும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். சமையலறையில் மேடை கறுப்பு கிரானைட். லைட் நடுக்கூரையில் இருப்பதால், காய் நறுக்கினால் நம் நிழலே பலகை மேல் விழுகிறது. பூஜைக்குத் தனி அறை இல்லை, ஹாலிலேயே ஒரு அலமாரி.

கடையில் போய் நின்றால் "பீலா சாஹியே யா சஃபேத்?" (மஞ்சளா, வெள்ளையா?) என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அனுபவப்பட்டவர்கள் அறைவாரியாகச் சொன்னால் பெரிய உதவி.

முலுண்ட்_ரவி:

எல்லா இடத்துக்கும் 6500 போட்டுவிடுங்கள் சார். ஒரே வாட்டுக்கு மஞ்சளைவிட வெள்ளையில் லூமென், அதாவது பல்ப் தரும் மொத்த வெளிச்சம், கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ராத்திரி எட்டு மணிக்கு பல்ப் போனாலும் தெருமுனைக் கடையில் அதே நிறம் கிடைக்கும். நாமெல்லாம் டியூப் லைட்டில் படித்து வளர்ந்தவர்கள்தானே. அப்பாவுக்கும் நாலு நாளில் பழகிவிடும்.

ஊசியும்நூலும்:

தம்பி, நான் மாட்டுங்காவில் வீட்டோடு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். வெளிச்சம் சரியில்லை என்றால் எனக்கு வேலையே ஓடாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ரவி சார் சொன்னபடி வெள்ளை எங்கும் கிடைக்கும், அது உண்மை. ஆனால் பழகிவிடும் என்று பெரியவர் கண்ணை விட்டுவிடக் கூடாது.

அப்பாவின் புகார் இரண்டும் வேறு வேறு. குத்துகிறது என்றால் கண்கூச்சம். ஒரே இடத்தில் குவிந்த வெளிச்சம் நேராகக் கண்ணில் விழுகிறது. போதாக்குறைக்கு, வயதில் மஞ்சள் படிந்த லென்ஸை எடுத்துவிட்டுப் புதிது வைத்திருக்கிறார்கள், நீல வெளிச்சம் முன்பைவிட அதிகமாக உள்ளே போகும். 6500 உங்களுக்குத் தெரிவதைவிட அவருக்கு இன்னும் நீலமாகத் தெரியலாம். அழுது வடிகிறது என்றால் லூமென் போதவில்லை. அதை மஞ்சள் நிறத்தின் மேல் போடாதீர்கள். அவர் பழைய 60 வாட் குண்டு பல்பிலேயே எத்தனையோ வருடம் படித்திருப்பார், அதுவும் 2700 கெல்வின் மஞ்சள்தான். வயதானால் கண்பாவை சுருங்கிப் போகும், வெளிச்சம் உள்ளே போவதே குறைவு. அதனால் பெரியவர்களுக்கு லூமென் கூட்ட வேண்டும், அதைப் பரப்பிக் கொடுக்க வேண்டும்.

உங்கள் ஹாலுக்குக் கணக்குப் பார்ப்போம். 150 சதுர அடி என்றால் ஏறக்குறைய 14 சதுர மீட்டர். சாதாரணமாகப் புழங்க 150 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 150 லூமென் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 2100 லூமென் கீழே வந்து சேர வேண்டும். சுவரும் கூரையும் பாதியைத் தின்றுவிடும். ஆக மொத்தம் 4000க்குக் குறையாமல் வாங்க வேண்டும். நாலடி 20 வாட் எல்.இ.டி. டியூப் பெட்டியில் 2000 லூமென் அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே போட்டிருக்கும். அதில் இரண்டு, எதிரெதிர் சுவரில். நடுவில் ஒரே பேனல் என்றால் கூச்சமும் போகாது, மூலையில் இருட்டும் போகாது.

நிறம் 4000. பகலில் லைட் போடுகிற வீட்டுக்கு அதுதான் ஒத்துவரும். ஜன்னல் வெளிச்சத்தோடு 3000 சேர்ந்தால் ஆரஞ்சாகச் சோகை பிடித்துத் தெரியும், சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான் அதற்கு அழகு. க்ரீம் சுவரில் 6500 அடித்தால் நீங்கள் காசு கொடுத்து அடித்த நிறமே சாம்பல் பூத்துப் போகும். உங்கள் வீட்டம்மாவுக்கு மஞ்சள் வேண்டும் என்பது நியாயமான ஆசை. சுவரில் இரண்டு 2700 அல்லது 3000 விளக்கு, தனி சுவிட்சில் வையுங்கள். பொழுது சாய்ந்ததும் டியூபை அணைத்துவிட்டு அதைப் போடட்டும். இரண்டையும் சேர்த்து எரித்தால் இரண்டும் கெடும்.

அப்பாவின் நாற்காலிக்குத் தனியாக ஒரு விளக்கு அவசியம். மூடி போட்ட ஸ்டாண்ட் விளக்கு, 800 லூமென், தோளுக்குப் பின்னாலிருந்து பேப்பர் மேல் விழ வேண்டும். பல்ப் அவர் கண்ணுக்குத் தெரியவே கூடாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எல்லோரும் கெல்வினைப் பார்க்கிறார்கள், சி.ஆர்.ஐ. எண்ணை யாரும் பார்ப்பதில்லை. வெயிலில் தெரியும் நிறத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் அந்த விளக்கு காட்டும் என்பதற்கான மதிப்பெண் அது, முழுசு 100. கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை 80. எல்.இ.டி.க்குள் அடிப்படையில் எரிவது நீல விளக்கு, அதன் மேல் மஞ்சள் பூச்சு பூசி வெள்ளையாக்குகிறார்கள். அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2014இல் ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். நீலமும் மஞ்சளும் தாராளமாக இருக்கும், அடர்சிவப்பில்தான் பஞ்சம். 80 உள்ள பல்பில் அரக்குப் பட்டுத் துணியைப் பிரித்துப் பாருங்கள், பழுப்பாகத் தெரியும். 90க்கு மேல் உள்ள பல்புக்குக் கீழே அதே துணியை நகர்த்தினால் மடிப்புக்குள்ளிருந்து சிவப்பு எழுந்து வரும். எம்.எஸ். நீலத்துக்கு நூல் எடுக்கும்போதும் அப்படித்தான், மட்டமான விளக்கில் சரியான சாயல் பிடிபடாது. துணி எடுத்துப் போக முடியாவிட்டால் உள்ளங்கையை விரித்து பல்ப் கீழே காட்டுங்கள். நல்ல விளக்கில் ரத்த ஓட்டம் தெரியும். மட்டமானதில் கை வெளிறிச் சாம்பலாக இருக்கும்.

விலை கூடுதல்தான், எல்லா இடத்துக்கும் வேண்டாம். அப்பாவின் படிக்கிற விளக்கு, சமையல் மேடை, அலமாரிக் கண்ணாடி, இந்த மூன்றுக்கும் 90 வாங்குங்கள். கீரை பழுத்திருக்கிறதா, வெங்காயம் பொன்னிறமா கருகலா என்பதெல்லாம் நிறத்தை வைத்துத்தானே பார்க்கிறோம். கூரை லைட்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் மேடையில் நிழல் போகாது. மேல் அலமாரியின் அடிப்பக்கம், முன்விளிம்பை ஒட்டி 4000 கெல்வின் எல்.இ.டி. பட்டை ஒட்டுங்கள். பளபளக்கும் கறுப்பு கிரானைட்டில் புள்ளி புள்ளியாகப் பிரதிபலிக்கும், அதனால் பால் நிற மூடி உள்ள அலுமினியச் சட்டத்தோடு வாங்குங்கள்.

மகளின் மேசைக்கு 4000, பெட்ரூம் கூரைக்கு 3000. நீலம் கலந்த வெளிச்சம் ராத்திரி தூக்கம் வரவைக்கும் மெலட்டோனினைக் குறைக்கும். பதினொன்று வரை படிக்கிற பிள்ளை கடைசி ஒரு மணி நேரம் மற்ற விளக்கை அணைத்து வெளிச்சத்தைக் குறைத்து, மேசை விளக்கை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். பூஜை அலமாரிக்கு 2700, சின்ன பல்ப். எண்ணெய்ச் சுடர் ஏறக்குறைய 1900 கெல்வின், அதன் பக்கத்தில் வெள்ளை விளக்கு வைத்தால் பித்தளையே வெளுத்துப் போகும்.

செம்பூர்வாசி:

அக்கா, மிக்க நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். 'அந்த அம்மா சொல்வதுதான் எனக்கு நடக்கிறது' என்றார். இரண்டு டியூப் என்று முடிவு செய்துவிட்டோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். பெட்ரூமுக்கு மூன்று நிறமும் வருகிற பேனல் வாங்கலாமா? அப்புறம், நடையில் இருக்கும் எல்.இ.டி. பல்ப் சுவிட்சை அணைத்த பிறகும் ராத்திரி லேசாக மினுங்கிக்கொண்டே இருக்கிறது. பல்பை மாற்றியும் பார்த்துவிட்டேன், அதேதான்.

வயர்மேன்_தாராவி:

சார், முதலில் அந்த நடை லைட்டைப் பாருங்கள். சுவிட்சில் சின்ன சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகக் கசியும் கரண்ட்டிலேயே எல்.இ.டி. மினுங்கும், அதில் ஆபத்து இல்லை. இண்டிகேட்டர் இல்லை என்றால் பழைய வயரிங்கில் சுவிட்ச் ஃபேஸில் (கரண்ட் வரும் கம்பி) இல்லாமல் நியூட்ரலில் (கரண்ட் திரும்பும் கம்பி) போயிருக்கலாம். குண்டு பல்ப் காலத்தில் இது வெளியே தெரியாது, எல்.இ.டி. காட்டிக் கொடுத்துவிடும். அப்படி என்றால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் உயிரோடு இருக்கிறது. நீங்களே ஏறி பல்பைக் கழற்ற வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனை வைத்து போர்டைத் திறந்து மாற்றச் சொல்லுங்கள். பெரியவரும் பிள்ளையும் இருக்கிற வீடு, இதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டுமே இல்லாமல், நீளமாகப் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் வயரினாலும் மினுங்கும். அதையும் அவர் பார்த்துச் சொல்வார்.

மூன்று நிற பேனல் ஒரு அறைக்கு ஒன்று என்றால் தாராளமாக வாங்கலாம். ஒரே சுவிட்சில் நாலு மாட்டினால், நிறம் மாற்ற அணைத்து அணைத்துப் போடும்போது சில நேரம் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் நின்றுவிடும், பிறகு நாலையும் ஒழுங்குக்குக் கொண்டுவருவதே வேலை. பின்னால் சின்ன ஸ்லைடு சுவிட்ச் வைத்த மாடலும் உண்டு. நிறத்தை ஒருமுறை வைத்து மாட்டிவிட்டால் மாறாது, எனக்கு அதுதான் பிடித்தது.

வாங்கும்போது பெட்டியில் பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தரக் குறியும் 'ஆர்' என்று ஆரம்பிக்கும் பதிவு எண்ணும் ஐ.எஸ். 16102 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள், பல்புக்கு அதுதான். பெட்டியில் 15,000 மணி, 25,000 மணி என்று போட்டிருக்கும். எல்.இ.டி. சில்லு அவ்வளவு நாள் தாங்கும், முதலில் போவது அதற்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர்தான். அதற்குச் சூடு ஆகாது. மூடிய கண்ணாடிக் குண்டுக்குள் 12 வாட் பல்பைப் போட்டு அடைத்தால் சீக்கிரம் போய்விடும், அங்கே 5 வாட், 7 வாட் போதும். பேனலில் டிரைவர் தனியாக இருந்தால் நல்லது. போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எரியவிட்டுப் பார்க்கும்போது போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து பல்பைப் பிடியுங்கள். பட்டை பட்டையாகத் துடித்தால் வேண்டாம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மட்டமான டிரைவர் என்றால் விளக்கு வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் படிக்கிறவர்களில் சிலருக்கு அதனாலேயே தலைவலி வரலாம்.

4000 தெருமுனைக் கடையில் கிடைப்பது கஷ்டம், அதில் முலுண்ட் சார் சொன்னது உண்மை. எலக்ட்ரிகல் கடைகள் நிறைந்த லோஹார் சாலுக்குப் போய்விடுங்கள். ஹார்பர் லைனில் மஸ்ஜித்தில் இறங்கி கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் நடந்தால் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடை அடைத்திருக்கும். பீலாவா சஃபேதா என்று கேட்டால் 'சார் ஹஜார்' (நாலாயிரம்) என்று எண்ணைச் சொல்லுங்கள், எடுத்துக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று கூடுதலாக, ஒரே பெட்டியிலிருந்து வாங்குங்கள். அடுத்த வருடம் வாங்கும் 4000 கொஞ்சம் வேறு சாயலில் இருக்கும். வாரண்டிக்கு பில் வேண்டும், அதை போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள், தாள் பில் எழுத்து மங்கிவிடும்.

டோம்பிவிலி_மீனா:

நல்ல திரி. ஊசியும்நூலும் அக்கா, பாத்ரூம் கண்ணாடிக்கு என்ன போடலாம்? இப்போது கண்ணாடிக்கு மேலே ஒரு ஸ்பாட் லைட் இருக்கிறது, முகத்தில் கண்ணுக்குக் கீழே கறுப்பாக விழுகிறது.

ஊசியும்நூலும்:

மேலே இருந்து அடித்தால் மூக்கும் புருவமும் நிழல் போடத்தான் செய்யும் மீனா. கண்ணாடியின் இரண்டு பக்கமும், முகத்தின் உயரத்துக்கு, பால் கண்ணாடி விளக்கு வையுங்கள். இடமில்லை என்றால் கண்ணாடியின் அகலத்துக்கு ஒரே நீள விளக்கு. 4000 கெல்வின், சி.ஆர்.ஐ. 90. தண்ணீர் தெறிக்கிற இடம், அதனால் ஐ.பி. (தூசி, தண்ணீர் புகாமல் தாங்கும் அளவு) 44க்குக் குறைந்து வாங்காதீர்கள்.