1.7 வினாடியில் செத்தது எது?

மாறிலி:
“மாற்று ஈர்ப்புக் கொள்கைகள் எல்லாம் 2017 ஆகஸ்ட் 17 அன்றே செத்துவிட்டன. பிரபஞ்சம் வேகமெடுத்து விரிவதற்குக் கரும் ஆற்றலே காரணம்” என்று கணக்குப்பிள்ளை நேற்று வேறோர் இழையில் தீர்ப்பு எழுதியிருக்கிறார். கரும் ஆற்றல் என்று வெளியெங்கும் நிறைந்த ஒன்றைக் கற்பிக்க வேண்டாம், ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு விதியைத் திருத்தினாலே போதும் என்பவைதான் அந்த மாற்றுக் கொள்கைகள். இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதின. அதில் எழுந்த ஈர்ப்பலை, அதாவது வெளியின் அதிர்வு, வந்து 1.7 வினாடி கழித்து ஒளியின் ஒரு வகையான காமா கதிர் வந்தது. அதற்குள் கருமாதிக்கு நாள் குறித்துவிட்டார்.

கணக்குப்பிள்ளை:
13 கோடி ஒளியாண்டு தூரம். பயண நேரம் ஏறத்தாழ 40 கோடி கோடி வினாடி. அவ்வளவு ஓடி வந்தும் முந்தியதற்கும் பிந்தியதற்கும் 1.7தான் வித்தியாசம். ஈர்ப்பும் ஒளியும் ஒரே வேகம். இரண்டுக்கும் வேகம் வேறுபடும் என்ற கலிலியான் வகையறா மாற்றுக் கொள்கைகளில் பெரும்பகுதி அன்றைக்கே காலி. படித்துவிட்டு வாருங்கள்.

முற்றத்து நிலா:
ஒரே வேகம் என்றால் 1.7 எதற்கு? ஒரே பஸ்ஸில் வந்தவர்கள் ஒன்றாகத்தானே இறங்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
ஒரே பஸ் இல்லை. காமா கதிர் கிளம்பியதே தாமதம். மோதலில் சிதறிய பொருளைத் துளைத்துக்கொண்டு, அந்தக் கதிரைக் கக்கும் தாரை வெளியே வர நேரம் பிடிக்கும்.

முற்றத்து நிலா:
கிளம்பியபோது பஸ் நிலையத்தில் நீங்கள் நின்றிருந்தீர்களோ? 1.7க்குப் பதில் வரவில்லை.

மாறிலி:
எஃப்-ஆர் என்ற மாற்றுக் கொள்கையில் ஈர்ப்பலை அச்சு அசலாக ஒளி வேகத்தில்தான் போகிறது. உங்கள் 1.7 அதைத் தொடக்கூட இல்லை. “எல்லாம்” என்ற சொல் எங்கிருந்து வந்தது?

கணக்குப்பிள்ளை:
சூரியக் குடும்பத்துக்குள் வந்தால் தன் விளைவைக் காட்டாமல் பச்சோந்திபோல் ஒளிந்துகொண்டு பிழைக்கும் கொள்கை அது. அதையும் உயிர் என்று எண்ணுகிறீர்கள் என்றால் எண்ணிக்கொள்ளுங்கள். 1.7 வினாடி, ஐயா. 1.7.

மாறிலி:
1.7க்கு இப்படி நெஞ்சை நிமிர்த்துகிறவர், கரும் ஆற்றல் என்று சொல்லப்படும் வெற்றிட ஆற்றலைக் கணக்கிட்டால் அளந்ததைவிட, 1க்குப் பின் 120 சுழி போட்ட மடங்கு பெரிதாக வருகிறதே, அப்போது மட்டும் ஏன் மோட்டுவளையைப் பார்க்கிறீர்கள்? போன கிரகணத்தன்றும் இதே கணக்குத்தான். நீங்கள் சொன்ன நேரத்தை நம்பி மொட்டை மாடியில் இரண்டு மணி நேரம் கொசுக்கடியில் நின்றேன். நிலா முழுசாகத்தான் இருந்தது.

கணக்குப்பிள்ளை:
அது உலக நேரம் என்று தெளிவாக எழுதியிருந்தேன். ஐந்தரை மணி நேரம் கூட்டத் தெரியாதவர் 40 கோடி கோடியைப் பற்றிப் பேச வருகிறார்!

செந்தமிழன்:
இடையில் ஒரு திருத்தம். வினாடி என்பது நம் பழைய கணக்கில் நாழிகையில் அறுபதில் ஒன்று. அதாவது 24 நொடி. 1.7 நொடி என்று எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:
நொடி என்றால் விரல் நொடிக்கும் நேரம். யார் விரல், உங்கள் விரலா? பள்ளிப் பாடநூலிலேயே வினாடி என்றுதான் படித்தேன்.

செந்தமிழன்:
பாடநூல் தப்பு.

மாறிலி:
எஃப்-ஆர் பற்றிக் கேட்டேன். நழுவிவிட்டார்.

கணக்குப்பிள்ளை:
நழுவவில்லை. 1998இல் சூப்பர்நோவாக்களை, அதாவது வெடிக்கும் விண்மீன்களை, அளந்தவர்களுக்கு 2011இல் நோபல் கிடைத்தது. உங்கள் பச்சோந்திக்கு என்ன கிடைத்தது?

மாறிலி:
அந்த நோபல் விரிவு வேகமெடுப்பதைக் கண்டதற்கு. காரணத்தைக் கண்டதற்கு அல்ல.

கணக்குப்பிள்ளை:
1.7.

முற்றத்து நிலா:
செந்தமிழன் ஐயா சொன்னபடி 24ஆல் பெருக்கினால் 40.8 வருகிறது. ஆக, காமா கதிர் முக்கால் நிமிடத்துக்குக் கிட்டத் தாமதமா? இதற்காவது பதில் சொல்வீர்களா?