அமெரிக்கப் பள்ளியிலிருந்து போன் வந்தால் நீங்களும் எழுதிவையுங்கள்

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஊரில் பிள்ளை ஏதாவது செய்தால் டைரியில் சிவப்பு மையில் நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவரச் சொல்வார்கள். இங்கே டீச்சர் நேராக நமக்கே போன் செய்வார், பேசியதைக் கணினியில் குறிப்பாக எழுதியும் வைப்பார்.

எனக்கு இது தெரிந்தது முதல் பேரன்ட் டீச்சர் கான்பரன்ஸில்தான். மகன் அப்போது இரண்டாம் வகுப்பு. டீச்சர் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார். அக்டோபர் 3, மதியம் 2:40, வாய்ஸ்மெயில். அக்டோபர் 5, வாய்ஸ்மெயில், பதில் இல்லை. தெரியாத நம்பர் என்று நான் எடுக்காமல் விட்ட அழைப்புகள் அவை. அதற்குக் கீழே, சாப்பாட்டு வரிசையில் இவன் ஒரு பையனைத் தள்ளியது பற்றி நான் பேசியது: "தாய் மன்னிப்புக் கேட்டார். வீட்டில் கண்டிப்பதாகச் சொன்னார்." அந்தப் பையன் ஒரு வாரமாக இவன் டிபன் பாக்ஸைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தான். பதற்றத்தில் சாரி, சாரி என்று போனை வைத்ததில் அதை நான் சொல்லவே இல்லை. பதிவிலும் அது இல்லை.

அதிலிருந்து, போன் பேசிய அன்றே ஒரு சின்ன ஈமெயில் போட்டுவிடுகிறேன். நீங்கள் சொன்னது இது, மகன் சொல்வது இது, இனி செய்யலாம் என்று பேசிக்கொண்டது இது. ஐந்து வரி போதும்.

டீச்சர் குறித்துவைப்பது நம் மேல் உள்ள கோபத்தால் அல்ல. பிரச்சினை பெரிதானால் "பெற்றோருக்குச் சொன்னீர்களா?" என்றுதான் பிரின்சிபல் அவரிடம் முதலில் கேட்பார்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து நினைவில் வையுங்கள். "வீட்டுக்கு வரட்டும், ரெண்டு போடு போடுறேன்" என்று நம் ஊர் வழக்கில் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைக்கு வீட்டில் ஆபத்து என்று சந்தேகம் வந்தால் ஆசிரியர் புகார் செய்தே ஆகவேண்டும், அது சட்டம்.

பிள்ளையின் பள்ளிப் பதிவுகளைப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. ஃபெர்பா என்கிற 1974ஆம் ஆண்டுச் சட்டம் அது. எழுதிக் கேளுங்கள், 45 நாட்களுக்குள் காட்ட வேண்டும். டீச்சர் தன் ஞாபகத்துக்காக மட்டும், யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கும் குறிப்பு இதில் வராது. பதிவு தவறாக இருந்தால் திருத்தக் கேட்கலாம். மறுத்தால் விசாரணை கேட்கலாம். அதிலும் மறுத்தால் நீங்கள் எழுதித் தரும் விளக்கத்தைப் பள்ளி அந்தப் பதிவோடு சேர்த்து வைக்க வேண்டும்.

ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அதற்குக் காசு வாங்க மாட்டார்கள். பிள்ளையையே நடுவில் நிறுத்தி மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அவன் விஷயத்தை அவனே சொல்ல நேரும். அப்புறம், பள்ளி அலுவலக நம்பரை இன்றைக்கே போனில் சேமித்துவிடுங்கள்.