மறுமொழி: 'ஷெர்ரி ஊறல் ஒற்றை மால்ட்' சரியா?

நண்பர்களுக்கு வணக்கம். விஸ்கிச் சொற்களைத் தமிழாக்கும் நம் உரையாடலில் ஒருவர் முன்வைத்த சொற்களை மேற்கோளிட்டு மறுமொழி தருகிறேன். ஷெர்ரி என்பது ஸ்பெயின் நாட்டு ஒயின் வகை.

> ஷெர்ரி காஸ்க் மெச்சூர்டு சிங்கிள் மால்ட் = ஷெர்ரி ஊறல் ஒற்றை மால்ட்

ஐயா, இதை ஏற்க எனக்குத் தயக்கம். ஊறல் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. காய்ச்சுவதற்கு முன் நொதிக்கிற கலவைதான் ஊறல்; 'சாராய ஊறல் அழிப்பு' என்று செய்தித்தாளில் பார்க்காதவர் யார்? விஸ்கி தயாரிப்பிலும் அந்தக் கட்டம் உண்டு, அதற்கே அதை விட்டுவைப்போம்.

பெரிய சிக்கல் வேறு. விஸ்கி ஷெர்ரியில் ஊறுவதே இல்லை. முன்பு ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியிலிருந்து ஷெர்ரி பீப்பாயோடு பிரிட்டனுக்குக் கப்பலேறும். காலியான பீப்பாயை ஸ்காட்லாந்துக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். 1980களில் ஸ்பெயினிலேயே புட்டியில் அடைக்க வேண்டும் என்றானதும் அந்த வழி அடைபட்டது. இப்போது பெரும்பாலும் விஸ்கிக்கென்றே புது ஓக் பீப்பாய் செய்து, ஒன்றிரண்டு ஆண்டு ஷெர்ரி நிரப்பி வைத்து, காலிசெய்து அனுப்புகிறார்கள். அந்த ஷெர்ரி பெரும்பாலும் குடிக்க வருவதில்லை, வினிகருக்கோ பிராந்திக்கோ போய்விடும். புது மண்சட்டியைக் கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்குகிறோமே, அதே வேலை. ஆகவே என் பரிந்துரை 'பழக்கிய பீப்பாய்'. பீப்பாய் போர்த்துக்கீசிய வரவு என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அது நம்மூர்ச் சொல்லாகி எவ்வளவோ காலமாயிற்று.

அடுத்து, மெச்சூர்டு. மரத்துக்குள் மது பக்குவப்படுவது தமிழுக்குப் புதிதல்ல. புறநானூறு 129இல் 'வாங்கமைப் பழுநிய தேறல்' வருகிறது. வளைந்த மூங்கிலுக்குள் முதிர்ந்த கள். 'பழுநல்' என்று வைக்க ஆசைதான், ஆனால் இன்று படிப்பவர் பழுது என்று நினைத்துவிடுவார். 'முதிர்வு' போதும். ஸ்காட்ச் என்று பெயர் போடவே, 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் ஸ்காட்லாந்தில் 3 ஆண்டாவது முதிர வேண்டும்.

> ஃபினிஷ் = நிறைவு

இரண்டு பொருளைக் குழப்புகிறது. விழுங்கிய பின் நாக்கில் நிற்பது 'பின்சுவை'. ஒரு பீப்பாயில் முதிர்ந்ததை எடுத்துக் கடைசியில் வேறொன்றுக்கு மாற்றுவது 'மறுமுதிர்வு'. 1993இல் வந்த பால்வெனி டபுள்வுட் என்ற ஸ்காட்ச் இந்த இரண்டாம் வகை: அமெரிக்க விஸ்கிப் பீப்பாயில் 12 ஆண்டு, பிறகு ஷெர்ரிப் பீப்பாயில் 9 மாதம். முழுக்க ஷெர்ரிப் பீப்பாயிலேயே முதிர்ந்ததையும் இதையும் ஒரே சொல்லால் குறித்தால் வாங்குபவர் ஏமாறுவார்.

சிங்கிள் என்பதும் 'ஒற்றை' இல்லை. ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து காய்ச்சியது என்றுதான் பொருள். புட்டிக்குள் பல பீப்பாய்கள் கலந்திருக்கலாம். 'ஓராலை மால்ட்' எப்படி?

அப்புறம், கிரந்தம் தவிர்க்கிறேன் என்று 'செர்ரி' எழுத வேண்டாம். பழமாகிவிடும்.

புழக்கத்தில் எப்படி ஒலிக்கிறது என்று பார்க்க, கிளென்ட்ரோனாக் 12 என்ற ஸ்காட்ச் விஸ்கிக்கு ஒரு சுவைக்குறிப்பு எழுதிப் பார்த்தேன்:

"ஷெர்ரி பழக்கிய பீப்பாயில் முதிர்ந்த ஓராலை மால்ட், 43 விழுக்காடு ஆல்கஹால். மணத்தில் உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல். வாயில் முதலில் இனிப்பு, உடனே கிராம்பும் இஞ்சியும். பின்சுவையில் மெல்லிய துவர்ப்பு."

அந்தத் துவர்ப்பு ஓக் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் தருவது. ஐரோப்பிய ஓக்கில் அது தூக்கலாக இருக்கும்; அமெரிக்க ஓக் வெனிலா, தேங்காய்ப் பக்கம் இழுக்கும். சில ஷெர்ரிப் பீப்பாய்களில் வரும் எரிந்த தீக்குச்சி வாடைக்கு 'கந்தக வாடை' என்றே வைத்துக்கொள்ளலாம். காலிப் பீப்பாய் கெடாதிருக்க உள்ளே கந்தகம் கொளுத்துவதால் வருவது.

காஸ்க் ஸ்ட்ரெங்த் இன்னும் பாக்கி. 'பீப்பாய் வலிமை' என்றால் பலகையின் உறுதி போலத் தோன்றுகிறது. தண்ணீர் கலந்து செறிவைக் குறைக்காமல் அடைப்பதுதானே, 'நீர்சேராச் செறிவு' எனலாமா?