மழைக்கு முன் ஒரு பழைய கார்: எதை எடுக்கலாம்?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். கையில் 8,000 வெள்ளிதான், ரொக்கம். பெரிய ரோட்டுக்கு வரும்வரை செம்பனைக்கு நடுவே செம்மண் பாதை. லாரி போய்ப் போய்ப் பள்ளம் விழுந்து, மழை பிடித்தால் ஒரே சேறு.

பெரோடுவா வீவா ஒன்று, புரோட்டோன் சாகா ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வீவாவுக்குச் சாமான் மலிவு, பெட்ரோலும் அதிகம் குடிக்காது. ஆனால் ஐந்து பேர் ஏறினால் அடி தட்டுமோ?

சாகா விலை குறைவு, அதுதான் சந்தேகம். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பார்த்தால் கடைசி ஒரு சாணுக்கு மண் கறை. கார்ப்பெட்டைத் தூக்கினால் புளித்த வாடை. விற்பவர் வெறும் தூசி என்கிறார். தூசி அப்படி நேர்கோடு போடுமா என்ன?

வெள்ளத்தில் நின்ற வண்டிதானா, வேறு எங்கே பார்த்தால் தெரியும்? வீவா வைத்திருப்பவர்கள், இந்த மாதிரிப் பாதையில் எப்படி ஓடுகிறது, அப்புறம் எந்த டயர் போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.